பழைய பைக் ஸ்டார்ட் ஆகவில்லையா? உதைப்பதற்கு முன் ஒரு நிமிடம்

(நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை சந்திப்பில் ஆற்றிய உரை)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் அல்ல. பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். 2004-ல் வங்கிக் கடனில் வாங்கிய 150 சிசி பைக்கை இன்றும் வைத்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதற்கு ஒரு இரவுதான் காரணம்.

2020 ஊரடங்கு நேரம். என் மனைவிக்கு ஆஸ்துமா உண்டு. இரவு ஒரு மணிக்கு மூச்சுத்திணறல் வந்துவிட்டது. தெருவில் ஆட்டோ இல்லை. கீழே ஓடிவந்து சோக்கை இழுத்துவிட்டு உதைக்க ஆரம்பித்தேன். முப்பது, நாற்பது உதை இருக்கும். வண்டி அசையவில்லை. மனைவி படியில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். நம் செக்யூரிட்டிதான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், அந்தச் சிவப்பு சுவிட்ச் ஆஃப்ல இருக்கு சார்."

வண்டியைத் துடைக்கும்போது கில் சுவிட்சில் என் கையே பட்டிருக்கிறது. சுவிட்சைப் போட்டும் வண்டி கிளம்பவில்லை. நாற்பது உதையில் பெட்ரோல் உள்ளே போய் பிளக் நனைந்துவிட்டது. எதிர் வீட்டுத் தம்பி கார் எடுத்து வந்ததால் தப்பித்தோம். அன்று பழுது வண்டியில் இல்லை, என்னிடம்தான் இருந்தது.

வங்கியில் மாலை கேஷ் டேலி ஆகாவிட்டால் நாங்கள் எல்லா வவுச்சரையும் உடனே புரட்ட மாட்டோம். முதலில் கூட்டலைச் சரிபார்ப்போம். அடுத்து, வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறதா என்று பார்ப்போம். 540-ஐ 450 என்று எழுதியிருந்தால் வித்தியாசம் 90 வரும். இலக்கம் இடம் மாறினால் எப்போதும் அப்படித்தான். சுலபமானதை முதலில், கஷ்டமானதைக் கடைசியில் பார்ப்பது என்ற அந்த வரிசைதான் பைக்குக்கும். நான் சொல்வது கார்புரேட்டர் வண்டிகளுக்கு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு வாங்கிய வண்டிகளில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். அவற்றில் கை வைக்க வேண்டாம்.

முதலாவது, கண்ணால் பார்ப்பது. சாவி, கில் சுவிட்ச், நியூட்ரல், பெட்ரோல் டேப். டேங்கில் குறைவாக இருந்தால் டேப்பை ரிசர்வுக்குத் திருப்புங்கள். ஸ்டில்ட் பார்க்கிங்கில் நிற்கும் வண்டிக்கு எலியும் ஒரு எதிரி. ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். பல மாதம் நின்ற வண்டியின் சைலன்சர் வாயில் குளவி மண் வைத்துக் கட்டியிருக்கவும் வாய்ப்புண்டு.

இரண்டாவது, பேட்டரி. செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டிக் டிக்' என்று மட்டும் சத்தம் வந்தால், பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கலாம். நன்றாக சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி, வண்டி நிற்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். சில வண்டிகள் பேட்டரி இல்லாமலும் கிக்கரில் கிளம்பும், சில கிளம்பாது. உங்கள் வண்டி எந்த ரகம் என்று மெக்கானிக்கிடம் இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். செல்ஃபை ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள்.

மூன்றாவது, பெட்ரோல். இரண்டு மூன்று மாதம் நின்ற வண்டியில் பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகி, கார்புரேட்டருக்குள் பிசின் போலப் படியும். பைலட் ஜெட்டின் துளை மிகவும் நுண்ணியது, அது அடைத்துக்கொண்டால் வண்டி கிளம்பாது, கிளம்பினாலும் ஐடிலில் நிற்காது. இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் ட்ரெயின் ஸ்க்ரூ இருக்கிறது. கீழே ஒரு சிறு டப்பா வைத்து அதைத் தளர்த்துங்கள். பெட்ரோலே வராவிட்டால் டேப்பிலோ குழாயிலோ அடைப்பு. அடியில் குமிழ் குமிழாகத் தண்ணீர் தெரிந்தால் அதுதான் காரணம்.

நான்காவது, பிளக். கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் என்றால் நல்லது. கருப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. பல உதைக்குப் பிறகும் காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. நனைந்திருந்தால் என் கதைதான்: பிளக்கைத் துடைத்து உலரவைத்து மாட்டுங்கள். சோக்கை எடுத்துவிடுங்கள். ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்து ஐந்தாறு உதை கொடுங்கள். என்ஜின் பிடித்தவுடன் ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள்.

ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க, பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோகப் பகுதி என்ஜினைத் தொடும்படி வைத்து உதைக்க வேண்டும். நீல நிறத்தில் பளிச்சென்று வர வேண்டும். ஆனால் பிளக் துளைக்கு அருகில் வைக்காதீர்கள், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். சிந்திய பெட்ரோலைத் துடைத்த பிறகே இதைச் செய்யுங்கள். பிளக்கை வெறும் கையால் பிடிக்கவும் கூடாது.

ஐந்தாவது, கம்ப்ரஷன். கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஓரிடத்தில் எதிர்ப்பு தெரிய வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் லொடக்கென்று இறங்கினால் வால்வு, ரிங் சமாச்சாரம். அதோடு நம் வேலை முடிந்தது, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. என்ஜின் அளவுக்குத் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே வேண்டாம். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். ஆயிலை மாற்றி, ஏர் ஃபில்டரையும் கார்புரேட்டரையும் சுத்தம் செய்த பிறகே உதைக்கலாம்.

பாதுகாப்புக்கு இரண்டு வேண்டுகோள். இருட்டில் பெட்ரோல் அளவு பார்க்கத் தீக்குச்சியோ லைட்டரோ வேண்டாம், டார்ச் போதும். மூடிய இடத்தில் என்ஜினை ஓடவிட்டு நிற்காதீர்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

அந்த இரவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். ஞாயிறு காலை காபி முடிந்ததும் கீழே போய் வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரு சுற்று போய் வருவேன். எங்கும் போக வேண்டியதில்லை என்றாலும் போவேன். "வண்டி கிளம்பிடுச்சா?" என்று மனைவி பால்கனியிலிருந்து கேட்பாள். அவள் கேட்பது வண்டியைப் பற்றி மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும்.

பத்து உதையில் கிளம்பாவிட்டால் நிறுத்துங்கள். ஒரு நிமிடம் யோசியுங்கள். முதலில் அந்தச் சிவப்பு சுவிட்சைப் பாருங்கள்.

என்னிடம் பிளக் ஸ்பேனர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் விசிட்டர் பார்க்கிங் பக்கம் வந்தால் நானும் இருப்பேன். கட்டணம் ஒரு டம்ளர் காபி.