கோவில் மணியும் ஊர் வாழ்வும்

(ஜூபிலி விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோவில் மணியைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். மணி பேசும்போது மனிதன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இப்போது மணி சும்மா இருப்பதால் நான் கொஞ்சம் பேசுகிறேன்.

நம் ஜவ்வாது மலை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும் 32 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. கீழ்நாட்டில் தெருமுனையில் நின்று கூப்பிட்டால் ஊர் கூடிவிடும். இங்கே அப்படியா? சாமைக் கொல்லை நடுவே ஒரு வீடு, ஓடையைத் தாண்டி மூன்று வீடு, மேட்டுக்கு அந்தப்பக்கம் இன்னொரு குடியிருப்பு. இப்படிச் சிதறிக் கிடக்கிற வீடுகளை ஒரே ஊராகக் கட்டி வைக்க ஒரு கயிறு வேண்டும். அந்தக் கயிறுதான் மணிக்கயிறு.

மணி என்பது என்ன? ஏறத்தாழ நாலு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்த்து உருக்கி வார்த்த வெண்கலம். உள்ளே ஒரு நாக்கு. விடியற்காலையில் அதன் ஓசை வெகுதூரம் கேட்பதை நீங்கள் அறிவீர்கள். அதற்குக் காரணம் உண்டு. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கிவிடுகிறது. மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடாயிருக்கிறது. மேலே போகிற ஓசை அங்கே வளைந்து மறுபடி கீழே இறங்குகிறது. பகலில் எட்டாத வீட்டுக்கும் காலை மணி எட்டுவது இதனால்தான்.

மணிக்கு ஒரு பாஷை உண்டு. ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்தால் அடுப்பை அணைக்க வேண்டும். இரண்டாம் மணி அடித்தால் வழியில் இருக்க வேண்டும். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் அடிப்பது, பெரியவர்கள் திரிகால செபம் என்று சொல்லும் மூவேளைச் செபத்துக்காக. நண்பகல் மணிக்குப் பழைய வரலாறு உண்டு. 1456-ஆம் ஆண்டு பெல்கிரேடு நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, எல்லா ஊர்களிலும் நண்பகலில் மணியடித்து மக்கள் வேண்டிக்கொள்ளுமாறு மூன்றாம் கலிஸ்து பாப்பரசர் கட்டளையிட்டார். எங்கோ இருப்பவர்களின் ஆபத்து தங்கள் ஆபத்தும்தான் என்று மணி அன்றே மக்களுக்கு உணர்த்தியது.

வேலூர் மறைமாவட்டம் 1952-ஆம் ஆண்டு உருவாயிற்று. மலைப் பங்கின் கஷ்டம் எல்லாருக்கும் தெரியும். சாமியார் ஒருவர், ஊர்களோ பல. எல்லா ஊரிலும் தினமும் பூசை இருக்க முடியாது. ஆனால் உபதேசியார் மணியடித்து நாலு பேரைக் கூட்டிச் செபமாலை சொல்லிவிட்டால் அன்றைக்கும் அங்கே திருச்சபை இருக்கிறது. கயிற்றை இழுத்த அந்தக் கைகளுக்கு இந்த விழாவில் முதல் நன்றி சொல்ல வேண்டும்.

"இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, மணி எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். போன், நம்பர் இருக்கிறவரை மட்டும் கூப்பிடும். மணியோ எல்லாரையும் கூப்பிடும். போன் இல்லாத விதவைத் தாயையும் கூப்பிடும். வரப்புத் தகராறில் மூன்று வருஷமாக நம்மோடு பேசாத பங்காளியையும் கூப்பிடும். சண்டைக்காரன் வீட்டுக்கு நாம் போன் போட மாட்டோம். மணி அவன் வீட்டையும் தாண்டிப் போவதில்லை.

இன்னொன்று துக்க மணி. நிறுத்தி நிறுத்தி ஒவ்வொன்றாக அது விழும்போது கொல்லையில் இருப்பவர் கொத்தைக் கீழே வைக்கிறார். "யார்?" என்ற கேள்வி மலையெங்கும் எழுகிறது. மணி அடங்குவதற்குள் இறந்தவரின் வாசலில் இரண்டு பேராவது நிற்கிறார்கள். இதற்கு ஈடாக எதுவும் இன்னும் வரவில்லை.

ஆனால் சகோதரர்களே, நம் ஊர்க்காரர் எல்லாரும் இன்று மணி கேட்கும் தூரத்தில் இல்லை. கர்நாடகத்தின் காப்பித் தோட்டங்களிலும், கேரளத்திலும், திருப்பூரிலும் இருக்கிறார்கள். சிலர் மரம் வெட்டும் கூலிக்கு ஆந்திரக் காடுகளுக்குப் போனார்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படையினரால் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இந்த ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். எந்தக் கோவிலைச் சேர்ந்தவர்கள், எந்தச் சாமியைக் கும்பிட்டவர்கள் என்ற கேள்வி எனக்கு முக்கியமில்லை. நம் மலையின் பிள்ளைகள். அந்நிய மண்ணில் சாகிற நம் பிள்ளைக்கு மணியடிப்பவர் யார்?

ஆகவே இந்த ஜூபிலியில் மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது: தானாக அடிக்கும் எலெக்ட்ரிக் மணியோ, ஒலிபெருக்கியில் பதிவுசெய்த மணியோ வேளை சொல்வதற்கு வரட்டும்; ஆனால் கயிற்றை அவிழ்த்துவிடாதீர்கள். கடிகாரத்துக்கு வேளை தெரியும். யார் வீட்டில் யார் இறந்தார் என்று அதற்குத் தெரியாது.

இரண்டாவது: வெளியூரில் இறந்தவருக்கும் இங்கே துக்க மணி அடிக்கட்டும். சேதி வந்த அன்றைக்கே அடிக்கட்டும். அக்குடும்பத்தார் விரும்பினால், நம் மறையைச் சேராத அண்டை வீட்டாருக்கும் அடிக்கலாமா என்று பங்குத்தந்தை அவர்களும் பங்குப் பேரவையும் ஆலோசிக்க வேண்டும். ஓடைத் தண்ணீரிலும் காட்டு வேலையிலும் கூட்டாக வாழ்கிறவர்கள் சாவில் மட்டும் பிரிவானேன்?

மூன்றாவது: பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் மணியடிக்கக் கற்றுக்கொடுங்கள். எந்த மணிக்கு என்ன பொருள் என்று ஞானோபதேச வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள். பாஷை தெரிந்தவர்கள் குறைந்துபோனால் மணி வெறும் சத்தமாகிவிடும்.

பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதத்தின்போது அடித்த மணி அதன்பின் மௌனமாகிவிடுகிறது. பாஸ்கா இரவில் அதே கீதம் ஒலிக்கும்போது மறுபடி முழங்குகிறது. இடையில் மரப்பலகையைத் தட்டுவதே வழக்கம். அந்த நாள்களில்தான் மணியின் அருமை நமக்கு விளங்குகிறது. நம் ஊர்களில் அத்தகைய மௌனம் நிரந்தரமாகிவிடாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.

உத்தானப் பெருவிழா மணியைப்போல் நம் பங்கு என்றும் ஒலிக்கட்டும், கேட்கிறவர் எல்லாரும் கூடிவரட்டும் என்று இறைவனை வேண்டுகிறேன்.