காக்காவையும் எழுதுங்க

பறவை பார்க்கறதைப் பத்திப் பேசலாம்னு சொன்ன உடனே வர்ற முதல் கேள்வி, "எங்க போகணும்?" என்பதுதான். வேடந்தாங்கலா, பழவேற்காடா, பள்ளிக்கரணையா, கோடியக்கரையா? எல்லாமே நல்ல இடங்கள். வாய்ப்பு கிடைச்சா கண்டிப்பா போயிட்டு வாங்க. ஆனா இன்னைக்கு நான் பேசப் போற இடத்துக்கு நுழைவுச்சீட்டு கிடையாது, கண்காணிப்புக் கோபுரம் கிடையாது. என் ஊர், தெள்ளார்.

திருவண்ணாமலை மாவட்டத்துல, வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போற ரோட்டில் இருக்கு. ஒரு பக்கம் ஆரணிப் பட்டு, இன்னொரு பக்கம் வந்தவாசிக் கோரைப்பாய், நடுவுல நெல்லு, மல்லாட்டை, ஏரி, பனைமரம். வரலாறு படிச்சவங்களுக்கு 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்ற பெயர் ஞாபகம் இருக்கும். 9ஆம் நூற்றாண்டில் பல்லவ அரசன் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியனைத் தோற்கடிச்ச ஊர் இது. அந்தச் சண்டைக்கு அப்புறம் இந்த ஊர்ல எழுதி வைக்கிற மாதிரி ஒண்ணும் நடக்கலன்னு எங்க வீட்லயே கிண்டல் பண்ணுவாங்க.

இல்ல, நிறைய நடக்குது. யாரும் எழுதி வைக்கல, அவ்வளவுதான். இன்னைக்கு நான் பேசப் போறது அதைப் பத்தித்தான்.

எங்க பெரியப்பாகிட்ட எந்தப் பறவையைப் பத்திக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "அப்பல்லாம் நெறைய இருக்கும்மா. இப்ப எங்க?" உங்க வீட்லயும் யாராவது இதைச் சொல்லியிருப்பாங்க. நான் விடாம கேட்பேன். நெறையன்னா எத்தனை? எந்த மாசம்? ஏரிக்கரையிலயா, கொல்லையிலயா? அவர் யோசிச்சுட்டு, "கரண்டு கம்பி பூரா பனங்காடை குந்தினு இருக்கும், போதுமா?"ன்னு சொன்னாரு.

பனங்காடையை நீங்க பார்த்திருப்பீங்க, பேர்தான் தெரிஞ்சிருக்காது. கம்பியில உட்கார்ந்திருக்கும்போது மண்ணு நிறமா, சாதாரணமா இருக்கும். பறந்தா போதும், இறக்கையில நீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையா விரியும். பட்டுப்புடவையை மடிப்பு பிரிச்ச மாதிரி. திறந்தவெளியும் பூச்சியும் இருக்கிற இடம் அதுக்கு வேணும். கம்பியிலயோ மரத்துலயோ உட்கார்ந்து தரையைப் பார்த்துட்டே இருந்து, வெட்டுக்கிளி தெரிஞ்சா இறங்கிப் பிடிக்கும். கூடு கட்டறது மரப்பொந்துல. எங்க பக்கத்துல பட்டுப்போன பனைமரத்தோட பொந்து அதுக்கு ரொம்ப வசதி.

பெரியப்பா சொன்னது உண்மையா, இல்ல வயசானவங்களுக்கு வர்ற 'அந்தக் காலம்' ஏக்கமா? தெள்ளாரை மட்டும் வெச்சு இதுக்குப் பதில் சொல்ல வழியே இல்லை. அவர் பையனா இருந்தப்ப யாரும் எண்ணலை. ஆனா இந்தியா முழுசுக்கும் ஓரளவு பதில் சொல்ல முடியுது. 2023இல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை வந்துச்சு. 942 வகைப் பறவைகளை அதில் ஆராய்ஞ்சிருக்காங்க. அதுல பனங்காடையும் வருது. அதுக்கு முந்தின பன்னிரண்டு வருஷத்துல சுமார் 30 சதவீதம் குறைஞ்சிருக்கு, உலக அளவில் அதோட ஆபத்து நிலையை மறுபடி பரிசீலிக்கணும்னு அந்த அறிக்கை பரிந்துரைக்குது. கர்நாடகா, ஒடிசா, தெலங்கானான்னு மூணு மாநிலத்துக்கு மாநிலப் பறவை இது. அரிய பறவைன்னு யாரும் நினைக்காத ஒண்ணு. அதனாலதான் குறையறது கண்ணுக்குத் தெரியாம போச்சு.

அந்த அறிக்கை எல்லாத்தையும் சோகமா சொல்லலை. மயில் நல்லா பெருகியிருக்கு, குயிலும் பெருகியிருக்குன்னு அதே அறிக்கைதான் சொல்லுது. பெரியப்பாவோட 'எல்லாம் போச்சு'ங்கற வாக்கியத்துல பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி எதுன்னு பிரிச்சுக் காட்டத்தான் எண்ணிக்கை வேணும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். இந்த எண்ணிக்கையெல்லாம் எங்கிருந்து வந்துச்சு? விஞ்ஞானிகள் மட்டும் ஊர் ஊரா போய் எண்ணினதில்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கின 'ஈ-பேர்டு' என்ற தளத்துல, இந்தியாவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவங்க போட்ட பட்டியல்கள். மொத்தம் மூணு கோடிக்கும் மேல பதிவுகள். டீச்சர், பேங்க் ஊழியர், காலேஜ் பசங்க, ரிட்டயர் ஆனவங்க, எல்லாரும்தான். மொட்டைமாடியில நின்னு பதினஞ்சு நிமிஷம் பார்த்துட்டு எழுதின பட்டியலும் அதுல கணக்கு.

ஆனா பதிவுகள் எல்லா ஊர்லயும் சமமா வர்றதில்லை. பறவை பார்க்கறவங்க இருக்கிற நகரத்துலயும், அவங்க தேடிப் போற சரணாலயத்துலயும் குவியுது. தெள்ளாரிலிருந்து பைக்கில் கிளம்பினா ஒரு மணி நேரச் சொச்சத்துல வேடந்தாங்கல். 1798லயே செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ், அங்க பறவைகளைச் சுடக்கூடாதுன்னு ஊர்க்காரங்களுக்குக் கவுல் எழுதிக் கொடுத்தாரு. எச்சம் விழுந்த ஏரித் தண்ணி பாய்ஞ்சா வயல் நல்லா விளையும்னு அந்த ஊர் சனங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. 2022இல் அது ராம்சர் தளமாவும் ஆயிடுச்சு. இவ்வளவு பெருமை சரிதான். ஆனா கூடு கட்டறது வேடந்தாங்கல் மரத்துலன்னாலும், பறவை சாப்பிடப் போறது சுத்துவட்டார ஏரிக்கும் வயலுக்கும். நத்தைக்குத்தி நாரைக்கு நத்தை கிடைக்கற சேறு வேணும். சரணாலயம் வீடுன்னா, நம்ம மாதிரி ஊரெல்லாம் அதோட சமையக்கட்டு. வீட்டுக்குப் பூட்டு இருக்கு. சமையக்கட்டுல என்ன இருக்கு, என்ன தீர்ந்துபோச்சுன்னு யாரும் பார்க்கறதில்லை.

அதனால நான் சென்னையிலிருந்து ஊருக்குப் போறப்பெல்லாம் ஒரு வேலை செய்யறேன். காலைல ஆறரை மணிக்கு ஏரிக்கரை. போன்ல நேரம் பார்த்து இருபது நிமிஷம். பார்த்ததை எல்லாம் எழுதணும், எத்தனைன்னும் எழுதணும். போன தை மாசம் எழுதின ஒரு பட்டியலைப் படிக்கிறேன், கேளுங்க. காகம் பதினாலு. மடையான் ஆறு. உண்ணிக்கொக்கு இருபத்திரண்டு, எல்லாம் ஒரு டிராக்டர் பின்னாடி. தவிட்டுக்குருவி ஏழு. கரிச்சான் நாலு. பச்சைப் பஞ்சுருட்டான் அஞ்சு. வெண்மார்பு மீன்கொத்தி ஒண்ணு. சிவப்பு மூக்கு ஆட்காட்டி ரெண்டு, என்னைப் பார்த்ததும் ஊரையே கூட்டுச்சு. பனை உழவாரன் எட்டு. தகைவிலான் முப்பதுக்கு மேல, இது குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வர்ற விருந்தாளி. பனங்காடை ஒண்ணு.

எங்க ஆயா இதைப் பார்த்துட்டு, "இன்னாம்மா, காக்காவ கூடவா எழுதுவாங்க?"ன்னு கேட்டாங்க. எழுதணும், ஆயா. அதுதான் இதுல இருக்கிற சூட்சுமமே. நான் அரிதான பறவையை மட்டும் எழுதினா, மத்ததெல்லாம் இருந்துச்சா இல்லையான்னு படிக்கிறவங்களுக்குத் தெரியாது. அடையாளம் தெரிஞ்ச எல்லாத்தையும் எழுதிட்டேன்னு சொன்னாத்தான், பட்டியல்ல இல்லாத பறவை என் கண்ணுல படலைன்னு அர்த்தம் வரும். அந்த 'இல்லை'யும் ஒரு தகவல். நாளைக்கு என் ஏரிக்கரையில் பனங்காடை இல்லாம பத்து பட்டியல் தொடர்ந்து வந்தா, "அப்பல்லாம் நெறைய இருக்கும்"னு ஏக்கமா சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தேதியிலிருந்து காணோம்னு சொல்லலாம். பஞ்சாயத்துல போய்ப் பேசறப்பவும் அதுக்குத்தான் மதிப்பு.

பேர் தெரியலையேன்னு தயங்காதீங்க. ஊர்ல இருக்கறவங்ககிட்டக் கேளுங்க. கரிச்சானை ஒருத்தர் கரிக்குருவின்னுவாரு, இன்னொருத்தர் இரட்டைவால் குருவின்னுவாரு. எல்லாம் ஒரே பறவை. அந்தப் பேரையும் குறிப்புல எழுதி வையுங்க. பேரும் பறவை மாதிரிதான், யாரும் கூப்பிடலைன்னா காணாம போயிடும். 'மெர்லின்' செயலி சத்தத்தைக் கேட்டுப் பேர் சொல்லும். உதவியா வெச்சுக்கோங்க, ஆனா கண்ணால பார்த்து உறுதி பண்ணாம பட்டியல்ல ஏத்தாதீங்க.

இதுவரைக்கும் எழுதுங்க, பகிருங்கன்னு சொன்னேன். இப்ப எப்ப பகிரக்கூடாதுன்னும் சொல்லணும்.

எங்க பக்கத்துல ஒருத்தர், நல்ல மனுஷர், மொட்டைப் பனையோட பொந்துல கிளிக்குஞ்சு எட்டிப் பார்க்கறதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டாரு. அழகான வீடியோ. எந்தக் கொல்லை, எந்தப் பனைன்னு பார்த்தவுடனே ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சுடும். ஒரு வாரம் கழிச்சு நான் அங்க போனப்ப பொந்து காலி. ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுத் திண்ணையில புதுசா ஒரு கூண்டு தொங்குச்சு. அதுல ஒரு குஞ்சுதான் இருந்தது. நான் போய், "அண்ணா, நம்ம ஊர்க் கிளியைக் கூண்டுல வளர்க்கறது 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம்"னு மெதுவா சொன்னேன். "நாங்க பழம் போட்டு நல்லாத்தாம்மா பார்த்துக்கறோம்"னாரு. கூண்டு இன்னும் அங்கதான் இருக்கு. பண்டிகைக்குப் போனா நான் அந்தத் தெரு வழியாத்தான் வீட்டுக்கு நடக்கணும்.

வீடியோ எடுத்தவர் ஆசையாத்தான் எடுத்தாரு. கூண்டுல வெச்சவரும் ஆசையாத்தான் வெச்சிருக்காரு. பார்க்கணும்ங்கற ஆசையே பறவைக்கு வினையாகறது புதுசு இல்லை. தெலங்கானாவில் தசராவன்னைக்குப் பனங்காடையைப் பார்த்தா நல்ல சகுனம்னு ஒரு நம்பிக்கை. வயல்வெளிக்குப் போய்த் தேடிப் பார்த்துட்டு வர்றது அங்க அழகான வழக்கம். அதுக்கு நேரமில்லாதவங்களுக்குக் காட்டிக் காசு வாங்கறதுக்காக, பறவையைப் பிடிச்சுக் கூண்டுல அடைச்சுக் கொண்டு வர்றவங்களும் வந்துட்டாங்க. சகுனம் பார்க்கறவங்களுக்கு நல்லது நடந்திருக்கலாம். பறவைக்கு நடக்கலை.

அதனால நான் வெச்சுக்கிட்டிருக்கிற வழக்கம் இதுதான். கூடு, முட்டை, குஞ்சு: படம் போடறதே இல்லை, யார் கேட்டாலும் இடம் சொல்றதில்லை. ஆந்தை பகல்ல தூங்கற மரத்தையும் சொல்றதில்லை. ஏரி ஓரம் தரையில முட்டையிடற ஆட்காட்டி கத்த ஆரம்பிச்சா, நான் அங்க நிக்கக்கூடாதுன்னு அர்த்தம். திரும்பிடுவேன். பக்கத்துல வரவைக்கப் போன்ல சத்தம் போட்டுக் காட்டறதும் கிடையாது. பட்டியலை ஈ-பேர்டில் ஏத்தினா, வேட்டைக்கும் கடத்தலுக்கும் இலக்காகக்கூடிய சில பறவைகளோட இடத்தை அந்தத் தளமே மறைச்சுடும். கிளி மாதிரி சாதாரணப் பறவைக்கு அந்தப் பாதுகாப்பு வராது. அங்க நம்ம புத்திதான் பாதுகாப்பு. குஞ்சு பறந்துபோன பிறகு எழுதினாலும் தகவல் தகவல்தான். நாலு வாரம் தாமதமானா விஞ்ஞானத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சுருக்கமா சொன்னா, காக்காவை ஊருக்கே சொல்லுங்க, கூட்டை யாருக்கும் சொல்லாதீங்க.

2015லிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டுல 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்குது. ஜனவரியில் நாலு நாள். குறைஞ்சது பதினஞ்சு நிமிஷம் பார்த்து, பட்டியலை ஈ-பேர்டில் ஏத்தணும், அவ்வளவுதான். அந்த நாலு நாள்லதான் நம்மள மாதிரி ஆளுங்க கிளாம்பாக்கத்துல பஸ் ஏறி, நூத்துக்கணக்கான சின்ன ஊருக்குப் போறோம். வருஷம் பூரா யாரும் எண்ணாத ஏரிக்கரைக்கெல்லாம் ஒரே நேரத்துல ஆள் போய்ச் சேர்றது அப்பத்தான். வீட்ல பொங்கல் பொங்கறதுக்குள்ள ஒரு நடை போயிட்டு வந்துடலாம். பைனாகுலர் வேண்டாம், கேமரா வேண்டாம். கூட ஒரு பெரியவரைக் கூட்டிட்டுப் போங்க. பேர் அவங்க சொல்வாங்க, எண்ணிக்கையை நீங்க எழுதுங்க.

உங்க ஊர்ப் பேரையும், அங்க பார்த்த ரொம்பச் சாதாரணமான ஒரு பறவையோட பேரையும் எனக்கு அனுப்புங்க. ஊர்ல அதை எப்படிக் கூப்பிடுவாங்கங்கறதையும் சேர்த்து அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அந்தப் பேர்களை வெச்சே பேசலாம்.