காது வலி நின்றால் போதுமா?

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் படித்தது பி.காம்., பார்த்தது வங்கி வேலை. டாக்டர் இல்லை. ஆனாலும் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். நம் குடியிருப்பில் சிறு குழந்தைகள் நிறைய. பகலில் அவர்களைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் நம்மைப் போன்ற தாத்தா பாட்டிகள்தான்.

செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் சிறிய அறைக்கு நடுக்காது என்று பெயர். அங்கிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அது சரிவாக இறங்கும். குழந்தைகளுக்குக் குட்டையாக, ஏறக்குறையப் படுக்கைவாட்டில் இருக்கும். அதனால்தான் சளி பிடித்தால் கிருமி சுலபமாகக் காதுக்குப் போய்விடுகிறது. பெரும்பாலும் இது முழுசாகக் குணமாகிவிடும். பயப்பட வேண்டாம்.

கவனம் தேவைப்படுவது வலி நின்ற பிறகு. சில குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி நிற்கும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. ஆனால் காதை விரலால் அடைத்துக்கொண்டு கேட்பது போல எல்லாம் மந்தமாகக் கேட்கும். பொதுவாக 3 மாதத்துக்குள் அந்த நீர் தானே வற்றிவிடும். வற்றாவிட்டால் பேச்சு, படிப்பு இரண்டும் பின்தங்கலாம். டிவி சத்தத்தைக் கூட்டுகிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை, வகுப்பில் கவனம் இல்லை என்று திட்டுகிறோம். நாம் சொன்னது அவன் காதில் விழுந்ததா என்று முதலில் பார்க்க வேண்டாமா?

அடுத்தது, காதில் சீழ் வடிவது. செவிப்பறையில் ஓட்டை விழுந்து சீழ் வெளியே வரும். பல சமயம் அந்த ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். ஆனால் வடிவதும் நிற்பதுமாக மாதக்கணக்கில் போனால் ஓட்டை நிரந்தரமாகும். உள்ளே இருக்கும் மூன்று சின்ன எலும்புகளும் அரிக்கப்படலாம். நாற்றத்தோடு வடிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். காதுக்குள் தோல் வளர்ந்து எலும்பை அரிக்கும் நோயாக இருக்கலாம். முக நரம்பு, மூளை வரைக்கும் போகக்கூடியது அது.

என் இடது காது இப்படி வடிந்த காதுதான். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் காதில் பஞ்சு வைத்த பையன்கள் பலர். "வளர வளர நின்றுவிடும்" என்பார்கள். வடிவது நின்றது. கேள்வி திரும்பவில்லை. கவுன்ட்டரில் இடது பக்கம் நின்று பேசியவர்களுக்கு நான் பதில் சொல்லாமல் இருந்திருக்கிறேன். "அந்த சாருக்குத் திமிர்" என்று பெயர் வாங்கினேன். 40 வயதுக்கு மேல்தான் முதல் ஆடியோகிராம் எடுத்தேன். வயதானால் எல்லோருக்கும் கேள்வி குறையும். சிறுவயதிலேயே இருப்பு குறைந்த கணக்கில் அதுவும் கழிந்தால் என்ன மிஞ்சும், நீங்களே சொல்லுங்கள்.

நாம் செய்யக்கூடியவை சில:

1. காதில் எண்ணெய், பூண்டுச் சாறு, தாய்ப்பால் எதுவும் ஊற்றாதீர்கள். பட்ஸ், ஹேர்பின் வேண்டாம்.

2. குழந்தையைப் படுக்க வைத்துப் பாட்டிலில் பால் கொடுக்காதீர்கள். தலை உயர்ந்திருக்கட்டும்.

3. வீட்டுக்குள் சிகரெட் புகை வேண்டாம். அதுவும் காதுத் தொற்றுக்கு ஒரு காரணம்.

4. டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதினால், வலி நின்றதும் நிறுத்தாமல் சொன்ன நாள் வரை கொடுங்கள்.

5. நிமோகாக்கல் தடுப்பூசி அரசின் இலவச அட்டவணையிலேயே இருக்கிறது. போட்டாயிற்றா என்று பாருங்கள்.

6. சீழ் வடியும் காதில் தண்ணீர் படக்கூடாது. டாக்டர் சரி என்று சொல்லும்வரை நீச்சல் வேண்டாம்.

7. அடிக்கடி காது வலி வந்த குழந்தைக்கு, வலி இல்லாத நாளில் இ.என்.டி. டாக்டரிடம் காட்டிச் செவித்திறன் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதற்கு வசதி உண்டு. ஊசி கிடையாது, வலி கிடையாது.

குழந்தைகளுக்கு வரும் காது கேளாமையில் சுமார் 60 சதவீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மார்ச் 3 உலகச் செவித்திறன் நாள். அந்த வாரம் நம் ஹாலில் குழந்தைகளுக்கு ஒரு பரிசோதனை முகாம் வைக்கலாமே என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்; எழுத்தர் வேலை எனக்குப் பழக்கம்தான்.