பொறுக்கிக் கூட்டும் கணக்கு

மாதக் கடைசியில் நம் வீடுகளில் நடக்கிற ஒரு காட்சி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு கையில் சம்பளச் சீட்டு, மறு கையில் பிள்ளையின் பழைய பள்ளிப் புத்தகம். எந்த நாள் எத்தனை குலை வெட்டினோம், எந்த ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்குப் போனோம் என்று அம்மா பென்சிலால் குறித்து வைத்திருப்பார். இரண்டையும் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணுவோம். சரியாக வந்தால் சோறு இறங்கும். வராவிட்டால் அன்று இரவு பேச்சு முழுவதும் அதுதான்.

அந்தப் பென்சில் கணக்கைக் கணினியில் எப்படிப் போடுவது, அதிலும் குறிப்பிட்ட சில நாள்களை மட்டும் பொறுக்கியெடுத்து எப்படிக் கூட்டுவது என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தாள் ஒன்று கணினித் திரையில் விரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் அதற்கு விரிதாள் என்று பெயர். மேலிருந்து கீழே போகும் பத்திகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்து. குறுக்கே போகும் வரிசைகளுக்கு எண். ஆகவே 'சி 6' என்றால் எந்தக் கட்டம் என்பதில் குழப்பமே இல்லை. இதை முதன்முதலில் மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்கள் டேன் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் என்ற இரு அமெரிக்கர்கள். அவர்களுடைய 'விசிகால்க்' 1979-இல் விற்பனைக்கு வந்தது. வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் மற்ற எண்களையும் அழித்து அழித்து எழுத வேண்டியிருந்ததைப் பார்த்துத்தான் பிரிக்லினுக்கு இந்த யோசனை பிறந்ததாம். இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் பழகுகிற எக்செல் அந்த வழியில் வந்ததுதான்.

நாம் அறிந்த ஒரு செம்பனைத் தோட்டத்துக் குடும்பம். நான்காம் படிவம் படிக்கும் மகள் அம்மாவின் புத்தகத்தைக் கணினியில் ஏற்றினாள். முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் கிழமை, மூன்றாவதில் குலை எண்ணிக்கை. அந்த மாதம் நான்கு ஞாயிற்றுக்கிழமையும் அப்பா வேலைக்குப் போயிருந்தார். குலைகள் 92, 105, 88, 97.

ஞாயிற்றுக்கிழமையைத் தனியாகக் கூட்டுவானேன் என்று கேட்பீர்கள். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வாரத்தில் ஒரு நாள் ஓய்வு நாள். குலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் அந்த நாளில் வேலை செய்தால், வழக்கமான விலையைப் போல் இரண்டு மடங்கு தர வேண்டும். கணக்குக்காகக் குலைக்கு 60 சென் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைக் குலைக்கு 1 வெள்ளி 20 சென்.

மகள் என்ன செய்தாள்? கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த நான்கு கட்டங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். திரையின் அடியில் கூட்டுத்தொகை தானாகவே வந்தது: 294. 1.20-ஆல் பெருக்கினால் 352 வெள்ளி 80 சென். அம்மாவோ விரல்விட்டு எண்ணி 382 குலை, 458 வெள்ளி 40 சென் என்றார். சம்பளச் சீட்டிலோ 342 வெள்ளிதான் இருந்தது. ஒரே வேலைக்கு மூன்று தொகை!

கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். நல்ல வேளை, அம்மா விடவில்லை. பார்த்தால், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் மகள் '88 குலை' என்று எழுதியிருந்தாள். எண்ணோடு எழுத்து சேர்ந்துவிட்டால் கணினி அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாது. அதைத் தாண்டிப் போய்விடும். தாண்டினேன் என்றுகூடச் சொல்லாது. அடியில் கட்டங்களின் எண்ணிக்கை 4 என்றே காட்டியது. ஒரு சொல்லில் 105 வெள்ளி 60 சென் மறைந்துவிட்டது.

அந்தத் தவறான தொகையோடு அலுவலகப் படியேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கிராணி செக்ரோலைத் திறந்து, உங்கள் கணக்கே தப்பு என்று ஒரே பேச்சில் முடித்திருப்பார். கேட்க வேண்டிய நியாயமும் அதோடு போயிருக்கும்.

இங்கேதான் மேக்ரோ உதவுகிறது. நாம் செய்கிற வேலையைக் கணினிக்குச் சில வரிகளில் ஒரு முறை எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு வேண்டும்போதெல்லாம் செய்யச் சொல்வதுதான் மேக்ரோ. ஆல்ட் விசையோடு எஃப் 11 விசையை அழுத்தினால் அதை எழுதும் பலகை திறக்கும். வரிகளின் சாரம் இதுதான்: தெரிந்தெடுத்த கட்டங்களில் ஒவ்வொன்றாகப் போ. காலியாக இருந்தால் தாண்டு. எண் இருந்தால் கூட்டிக்கொள். எழுத்து இருந்தால் விட்டுவிடு, ஆனால் எத்தனை விட்டாய் என்று எண்ணி வை. கடைசியில் கூட்டுத்தொகையையும் விட்டுப்போன கட்டங்களின் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்.

விட்டதைச் சொல் என்ற அந்த ஒரு வரி இருந்திருந்தால் அன்றைக்கே '294, ஒரு கட்டம் விடுபட்டது' என்று வந்திருக்கும்.

நாம் செய்வதைப் பார்த்துத் தானே மேக்ரோ எழுதிக்கொள்ளும் வசதியும் எக்செல்லில் உண்டு. பாட்டைப் பதிவு செய்வது போலத்தான். ஆனால் இந்த வேலைக்கு அது அவ்வளவாக உதவாது. இந்த மாதம் 5, 12, 19, 26 தேதிகளின் கட்டங்களைத் தொட்டுப் பதிவு செய்தால், அடுத்த மாதமும் அதே கட்டங்களுக்கே போய் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அங்கேயா இருக்கும்? ஆகவே 'தெரிந்தெடுத்தவை' என்ற பொருள்படும் சொல்லைப் போட்டுக் கையால்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று. மேக்ரோ செய்ததை, பின்வாங்கு என்று சொல்லித் திருப்ப முடியாது. அதனால் நம் மேக்ரோ தொகையைச் சொல்ல மட்டும் சொல்லட்டும், தாளில் எதையும் எழுத வேண்டாம். கோப்பைச் சேமிக்கும்போதும் மேக்ரோ இடம்பெறும் கோப்பு என்ற வகையில்தான் சேமிக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதிய வரிகள் போய்விடும். யாரோ அனுப்பிய கோப்பில் இருக்கும் மேக்ரோவை மட்டும் ஓடவிடாதீர்கள். 1999-இல் 'மெலிசா' என்ற கிருமி அப்படித்தான் உலகம் சுற்றியது.

வீட்டில் கைத்தொலைபேசி மட்டும் இருக்கிறதா? அதில் இந்த மேக்ரோ ஓடாது. கவலை வேண்டாம். உண்மையைச் சொன்னால், பல வீடுகளுக்கு மேக்ரோவே தேவையில்லை என்பதுதான் நம் எண்ணம். நான்காவதாக ஒரு பத்தி போட்டு, ஞாயிறு என்றால் 'ஞா', மே தினம் போன்ற பொது விடுமுறை என்றால் 'வி' என்று குறித்து வாருங்கள். 'ஞா' என்று குறித்த வரிகளை மட்டும் கூட்டு என்பதற்கு 'சம் இஃப்' என்ற வாய்பாடு தொலைபேசியிலேயே இருக்கிறது. சிலர் கட்டத்துக்கு மஞ்சள் நிறம் பூசி அடையாளம் வைப்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்த வாய்பாட்டுக்கு நிறம் தெரியாது, எழுத்துத்தான் தெரியும். அதுவும் '88 குலை'யை விட்டுவிடும் என்பதால், குலைப் பத்தியில் எண்ணைத் தவிர வேறொன்றும் எழுதாதீர்கள்.

அந்தக் குடும்பம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 382 குலை என்ற சரியான கணக்கோடு அம்மாவும் அப்பாவும் போய்க் கேட்டார்கள். சீட்டில் கடைசி ஞாயிற்றுக்கிழமையின் 97 குலை சேரவில்லை என்பது தெரிந்தது. சாதாரணச் சம்பளத்தை மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் தர வேண்டும் என்றாலும், ஓய்வு நாள் வேலைக்கான கூலியை அடுத்த சம்பளக் காலத்தின் கடைசி நாள் வரை தரலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. கிராணி அதைச் சொன்னார். அம்மா புத்தகத்தின் ஓரத்தில் '97 குலை, பாக்கி 116 வெள்ளி 40 சென்' என்று குறித்துக்கொண்டு திரும்பினார். மறு மாதச் சீட்டு வந்ததும் முதலில் அந்தத் தொகையைத்தான் தேடினார். இருந்தது. பென்சிலால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டார்.