ஓசைக் கொடையும் கொடுத்தவர் பெயரும்



இந்தத் தொடரிலே கவிதை, சிறுகதை, நாடகம் பற்றிய உரைகளையே நேயர்கள் பெரும்பாலும் கேட்டிருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. கணினியிலே இசை அமைக்கும் இளைஞர்கள் தாம் உருவாக்கிய ஓசைகளை ஒருவருக்கொருவர் இலவசமாகக் கொடுத்து வாங்குகிறார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குரிய அறம் என்ன என்பதே என் பொருள். தமிழ் ஆசிரியனுக்கு இதிலே என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஒருவர் ஆக்கியதை இன்னொருவர் எடுத்தாளுவதும், எடுத்த இடத்தைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் இலக்கிய உலகின் மிகப் பழைய வழக்குகள். சொல்லுக்கு வந்த அதே கேள்விதான் இன்று ஓசைக்கும் வந்திருக்கிறது.

முதலிலே இரண்டு சொற்களை விளங்கிக்கொள்வோம். ஒன்று 'சாம்பிள்'. ஒரு மேளத்தின் ஓர் அடி, ஒரு குரலின் ஓர் இழுவை, மழை தகரத்திலே விழும் சத்தம் ஆகிய இவற்றைச் சிறு துண்டாகப் பதிவுசெய்து, வேறோர் இசைக்குள்ளே வைத்துப் பயன்படுத்துவது. நாம் அதனை ஒலித்துணுக்கு எனலாம். மற்றது 'பாட்ச்'. சிந்தசைசர் என்ற மின் இசைக்கருவி குழலாகவும் ஒலிக்கும், மணியாகவும் ஒலிக்கும். எப்படி ஒலிக்க வேண்டும் என்று அதன் திருகுகளையும் விசைகளையும் அமைத்துவைக்கும் ஒழுங்குதான் பாட்ச். 1964 இல் அமெரிக்காவிலே றொபேர்ட் மூக் அறிமுகப்படுத்திய கருவியில், பகுதிகளைக் கம்பி வடங்களால் ஒன்றோடொன்று தொடுத்தே ஓசையை அமைத்தார்கள். அந்தத் தொடுப்பிலிருந்து வந்த பெயர், வடங்கள் போன பின்னும் நிலைத்துவிட்டது. ஒலித்துணுக்கைச் சமைத்த கறி என்றால், பாட்சைக் கைப்பக்குவம் என்று சொல்லலாம்.

இனி ஒரு வரலாறு. 1969 இல் 'த வின்ஸ்ரன்ஸ்' என்ற அமெரிக்க இசைக்குழு ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. அதன் பின்பக்கத்திலே 'ஆமென், பிரதர்' என்ற வாத்திய இசை. அதுவும் ஒரு பழைய தேவாலயப் பாடலைத் தழுவியதுதான். அதன் நடுவிலே மற்ற வாத்தியங்கள் ஓய, கிறெகரி கோல்மன் என்ற ட்ரம்ஸ் கலைஞர் நான்கு தாளவட்டங்களைத் தனியே வாசிக்கிறார். ஏறத்தாழ ஏழு விநாடிகள், அவ்வளவுதான். 1980களில் அந்த ஏழு விநாடிகளை வெட்டியெடுத்துத் தம் பாடல்களுக்கு அடித்தளமாக வைக்கத் தொடங்கினார்கள். 1990களில் இங்கிலாந்தின் 'ஜங்கிள்', 'ட்ரம் அன்ட் பேஸ்' என்ற இசை வகைகளே அதன்மீது எழுந்தன. இன்றுவரை அத்துணுக்கைத் தாங்கிவந்த பாடல்கள் பல்லாயிரம்.

வாசித்தவருக்குக் கிடைத்தது என்ன? ஒன்றுமில்லை. கோல்மன் 2006 இல் அட்லாண்டாவிலே, தங்க வீடுகூட இல்லாத வறுமையில் இறந்தார். குழுவின் தலைவர் றிச்சர்ட் ஸ்பென்சரிடமே பதிப்புரிமை இருந்தது. ஆயினும், தம் இசை இப்படி உலகெங்கும் ஒலிப்பதை அவர் அறிந்ததே 1990களின் நடுப்பகுதியில்தான். அதற்குள் வழக்குத் தொடரும் காலம் கடந்துவிட்டது. 2015 இல் இங்கிலாந்து இசைக்காரர் சிலர் முன்வந்து, அந்த ஓசையால் வாழ்ந்தவர்களிடம் நிதி திரட்டினார்கள். ஏறத்தாழ 24,000 பவுண் சேர்ந்தது. ஸ்பென்சர் அதைப் பெற்றார். கோல்மன் உயிரோடு இல்லை.

எடுத்தவர் எல்லாரையும் கள்வர் என்று நான் சொல்லவரவில்லை. பெரும்பாலோர் ஏழை இளைஞர்கள். அந்தத் தாளத்தின்மீது உண்மையான காதல் கொண்டவர்கள். ஆனால் அந்தத் துணுக்கு கைமாறிக் கைமாறிச் சென்றபோது, அதனோடு ஒரு பெயர்ச்சீட்டு செல்லவில்லை. இன்னார் வாசித்தது, இன்ன நிபந்தனையோடு எடுக்கலாம் என்று ஒரு வரி கூடவே போயிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

பாட்சின் கதையும் இதனின்று பெரிதும் வேறல்ல. 1983 இல் யமஹா நிறுவனம் 'டீ.எக்ஸ்.7' என்ற சிந்தசைசரை வெளியிட்டது. அதற்கு அடிப்படையான முறையைக் கண்டவர் ஸ்டன்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜோன் சௌனிங். பல்கலைக்கழகம் அதற்குக் காப்புரிமை பெற்று, உரிய பணத்துக்கே யமஹாவுக்கு அனுமதி கொடுத்தது. அந்தக் கருவியோடு வந்த மின்பியானோ ஓசை 1980களின் எண்ணற்ற காதற் பாடல்களில் ஒலித்தது. அக்கருவிக்கு ஓசைகளை அமைத்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் டேவ் பிறிஸ்டோ, கரி லியூன்பேர்கர் என்ற இருவர். கருவியின் பெயர் இசையுலகம் முழுவதும் தெரியும். இவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? நுட்பத்தைக் கண்டவருக்குச் சட்டம் காவல் நின்றது. கைப்பக்குவம் காட்டியவர் பெயர் பாட்டுக்குள்ளே கரைந்துபோயிற்று.

இந்தக் குறையை நிரப்பப் பின்னர் ஒரு வழி பிறந்தது. 2001 இல் சட்டப் பேராசிரியர் லோறன்ஸ் லெசிக் முதலானோர் 'கிரியேட்டிவ் கொமன்ஸ்' என்ற அமைப்பை ஆரம்பித்தார்கள். அதன் முதல் உரிமங்கள் 2002 டிசெம்பரில் வெளிவந்தன. ஆக்கியவர் தம் உரிமையை விட்டுவிடாமலே, 'இவ்வளவுக்கு நீங்கள் எடுக்கலாம்' என்று முன்கூட்டியே உலகுக்கு அனுமதி கொடுக்கும் முறை அது. பெயரைச் சொல்லுங்கள் என்பது ஒரு நிபந்தனை. வணிகத்துக்கு வேண்டாம் என்பது இன்னொன்று. மாற்றாமல் எடுங்கள் என்பது மூன்றாவது. நீங்களும் இதே நிபந்தனையில் பிறருக்குக் கொடுங்கள் என்பது நான்காவது. கொடுப்பவர் தமக்கு வேண்டியதைத் தெரிந்துகொள்ளலாம்.

2005 இல் ஸ்பெயினின் பார்சிலோனாவிலுள்ள பொம்பேயு ஃபப்ரா பல்கலைக்கழகத்தின் இசைத் தொழில்நுட்பத் துறையினர், இந்த உரிமங்களை வைத்து 'ஃப்ரீசவுண்ட்' என்ற ஒலிக் களஞ்சியத்தைத் திறந்தார்கள். கதவு கிறீச்சிடுவது தொடக்கம் கடல் இரைவதுவரை, உலகெங்கும் உள்ளவர்கள் பதிந்து கொடுத்த இலட்சக்கணக்கான ஓசைகள் அங்கே உள்ளன. 2006 இல் வெளிவந்த 'சில்ட்ரன் ஒஃப் மென்' என்ற திரைப்படம் அக்களஞ்சியத்திலிருந்து ஓர் அலறலை எடுத்தாண்டது. படத்தின் முடிவிலே ஓடும் பெயர்ப் பட்டியலில், அந்த ஒற்றை அலறலைக் கொடுத்தவருக்கும் ஒரு வரி இருக்கிறது. கோல்மனுக்குக் கிடைக்காத வரி அது.

சிந்தசைசர் உலகிலும் இப்படிக் கொடுத்தவர்கள் உண்டு. 'சேர்ஜ்' என்ற மென்பொருட் கருவியை விலைக்கு விற்றுவந்த கிளேஸ் ஜொஹான்சன், 2018 இல் அதன் மூலநிரலையே கட்டற்ற உரிமத்தில் பொதுவுக்கு விட்டார். பல நாட்டவர்கள் அதனை வளர்த்தார்கள். தம் பாட்சுகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இங்கே ஒரு தெளிவு வேண்டும். கருவியின் உரிமம் வேறு, பாட்சின் உரிமம் வேறு, அவற்றைக் கொண்டு ஒருவர் படைத்த பாட்டின் உரிமை வேறு. அகப்பை செய்த தச்சன் கறியிலே பங்கு கேட்பதில்லை. ஆனால் அந்த அகப்பையைத் தன் பெயரிலே விற்பவனை அவன் சும்மா விடவும் வேண்டியதில்லை.

இனி அறம் பற்றிய நிபந்தனைகளுக்கு வருவோம். கொடுப்பவர் மனதிலே இயல்பாகவே சில விருப்பங்கள் எழும். என் ஓசையைப் போருக்கு ஆள் சேர்க்கும் விளம்பரத்தில் வைக்காதீர்கள். ஓர் இனத்தைப் பழிக்கும் பாட்டிலே சேர்க்காதீர்கள் என்பன போன்றவை. ஃப்ரீசவுண்டின் தொடக்க கால உரிமம் பொருள்களை விளம்பரம் செய்வதற்கு ஓசையை எடுப்பதைத் தடுத்திருந்தது. 2011 இல் அந்த உரிமத்தைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் கைவிட்டது. களஞ்சியமும் எளிய உரிமங்களுக்கு மாறியது. காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமல்ல. நிபந்தனை கூடக் கூட, நேர்மையானவனே தயங்கி விலகுவான். நேர்மையற்றவன் வாசிக்கவே மாட்டான். 'வணிகத்துக்கு வேண்டாம்' என்ற சிறு நிபந்தனைகூடச் சிக்கலானது. பாடசாலை நாடகத்துக்கு நுழைவுச்சீட்டு விற்றால் அது வணிகமா? 'நன்மைக்கே பயன்படுத்துக' என்றால் எது நன்மை என்று யார் தீர்ப்பது? ஆகவே நிபந்தனை சிலவாக இருக்கட்டும், தெளிவாக இருக்கட்டும் என்பதே என் துணிபு.

ஆனால் எல்லா நிபந்தனைகளுக்கும் முந்திய கேள்வி ஒன்றுண்டு. கொடுப்பவருக்குக் கொடுக்கும் உரிமை இருக்கிறதா?

1970 ஆம் ஆண்டளவில், பசிபிக் கடலின் சொலமன் தீவுகளிலே அஃபுனக்வா என்ற பெண் பாடிய தாலாட்டை ஹூகோ செம்ப் என்ற இசை ஆய்வாளர் பதிவுசெய்தார். தாய் தந்தையை இழந்த பிள்ளையைத் தேற்றும் பாட்டு அது. 1973 இல் யுனெஸ்கோவின் இசைத்தட்டுத் தொடரில் வெளிவந்தது. 1992 இல் 'டீப் ஃபொறெஸ்ட்' என்ற பிரெஞ்சு இசைக்குழு அந்தக் குரலை எடுத்து, மின் தாளம் சேர்த்து உலகப் புகழ் பெற்றது. தாம் அதற்கு இணங்கவில்லை என்று செம்ப் பின்னர் எழுதினார். பாடியவள் பெயர் எங்கும் வரவில்லை. விளைவைப் பாருங்கள். நோர்வேயின் பெரும் கலைஞர் ஜான் கார்பறெக் 1996 இல் அதே மெட்டை வாசித்தபோது, ஆபிரிக்கக் காட்டு மக்களான பிக்மிகளின் தாலாட்டு என்று அதற்குத் தலைப்பிட்டார். பெயர் அறுந்ததும் ஊர் அறுந்தது. ஊர் அறுந்ததும் ஒரு கண்டமே மாறிவிட்டது.

இது தூரத்துக் கதை அல்ல. எங்கள் கல்லூரியிலே உயர்தரம் படித்து வெளியேறிய மாணவன் ஒருவன், தன் அம்மம்மா பாடிக்காட்டிய தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிந்து வைத்திருக்கிறான். "சேர், இவற்றைத் துணுக்குகளாக்கி இலவசமாகக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். எந்த உரிமம் நல்லது?" என்று என்னிடம் கேட்டான். "உரிமம் இருக்கட்டும், முதலில் அம்மம்மாவைக் கேட்டாயா?" என்றேன். கேட்டுவந்து அவள் சொன்னதை அப்படியே சொன்னான்: "தாலாட்டை ஆருக்கும் குடு ராசா. எந்தப் பிள்ளையெண்டாலும் நித்திரை கொள்ளட்டும். ஒப்பாரியைக் குடாதை. அது உன்ர அம்மப்பாவுக்குச் சொன்னது."

ஒரு சட்டத்தரணி எழுதியிருந்தால் இரண்டு பக்கம் வந்திருக்கும். எதைக் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது, எதைக் கொடாமல் வைப்பது, ஏன் என்பதெல்லாம் அந்த முதியவளின் நான்கு சிறு வாக்கியங்களிலே அடங்கிவிட்டன. அவன் தாலாட்டை மட்டும், அவள் பெயரோடும் ஊரோடும் கொடுத்தான்.

எமது நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்பு வழங்குகிறது. ஆனால் சட்டம் வாசலில் நிற்கும் காவலாளிதான். வீட்டுக்குள்ளே எது பொது, எது அந்தரங்கம் என்று அம்மம்மாவே சொல்ல முடியும். பறை, மத்தளம், உடுக்கு, நாதஸ்வரம் என்று எம் கலைஞர்களின் ஓசைகளைப் பதிந்து பகிர விரும்பும் இளைஞர்கள் இதனை மனங்கொள்ள வேண்டும். ஒலிவாங்கி பதிபவனுடையது, வாசிப்பு வாசித்தவருடையது.

இப்போது செயற்கை நுண்ணறிவும் இதிலே நுழைந்திருக்கிறது. 2024 இல் வெளியான 'ஸ்டேபிள் ஓடியோ ஓப்பன்' என்ற, ஓசை ஆக்கும் பொறியை ஏறத்தாழ 486,000 பதிவுகளைக் கொண்டு பயிற்றினார்கள். அவற்றிற் பெரும்பாலானவை ஃப்ரீசவுண்டிலிருந்து எடுத்தவை. உரிமம் இடங்கொடுத்தவற்றையே தெரிந்தெடுத்தோம் என்றார்கள், அது பாராட்டத்தக்கது. ஆயினும் 2005 இல் மழையோசையைப் பதிந்து கொடுத்தவர் இப்படி ஒரு பயனைக் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார். ஆயிரமாயிரம் ஓசைகள் கரைந்த கடலிலே யார் பெயரை எந்தத் துளியில் எழுதுவது? இந்தக் கேள்விக்கு உலகம் இனித்தான் விடை காண வேண்டும்.

விடை தேடுவோருக்கு எங்கள் பழைய தொகைநூல்களிலே ஒரு முன்மாதிரி உண்டு. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் கையிலே, பாடியவர் பெயர் தெரியாத பாடல்கள் சில இருந்தன. பெயரில்லை என்று அவற்றை அநாதைகளாக விட்டுவிடவில்லை. அவரவர் பாட்டிலே ஒளிவிட்ட ஒரு தொடரையே எடுத்து அவருக்குப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்ற பெயர்கள் அப்படி வந்தவைதாம். ஒரு துணுக்கைக் கொண்டே அதை ஆக்கியவரை ஈராயிரம் ஆண்டாக நினைவில் வைத்திருக்கிறது தமிழ். கணினியும் உரிமமும் இல்லாத காலத்திலே, யாரும் கட்டாயப்படுத்தாமல் செய்த காரியம் அது.

இலவசம் என்றால் உடையவர் இல்லாதது என்று பொருளல்ல. உடையவர் மனமுவந்து தந்தது என்றே பொருள். தந்தவரை மறந்தால் கொடை வெறும் கிடைத்த பொருளாகிவிடும். ஆகவே ஓசை கொடுக்கும் இளைஞர்களே, உங்களுடையதைக் கொடுங்கள்; பிறருடையதாயின் கேட்டுக் கொடுங்கள். எடுப்பவர்களே, பெயரையும் சேர்த்தே எடுங்கள்.