மணிக்கட்டின் நிழற்படம்



காக்களூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் பணிபுரியும் என் பழைய மாணவன், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை என் இல்லத்திற்கு வந்தான். எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி, வலக்கையை ஊன்றி விழுந்திருந்தான். எக்ஸ்-ரே படத்தில் முறிவு ஏதும் தென்படவில்லை. எனினும், வலி நீடித்தால் பத்து நாள் கழித்து மீண்டும் வருமாறு மருத்துவர் கூறியிருந்தார். “படத்தில்தான் ஒன்றுமில்லையே, ஐயா! ஒரு நாள் கூலியை இழந்து எதற்காகப் போக வேண்டும்?” என்றான். நானும் ஆமென்று தலையசைத்தேன். அந்தத் தலையசைப்புக்காக இன்றும் வருந்துகிறேன்.

உங்கள் மணிக்கட்டைப் பற்றிப் பாருங்கள். அங்கிருப்பது ஓர் எலும்பு அன்று; கூழாங்கற்கள் போன்ற எட்டுச் சிற்றெலும்புகள், வரிசைக்கு நான்காக அமைந்துள்ளன. முன்கையை ஒட்டிய வரிசையில், பெருவிரல் பக்கத்திலிருந்து, படகெலும்பு, பிறையெலும்பு, முப்பட்டை எலும்பு, பட்டாணி எலும்பு. உள்ளங்கையை ஒட்டிய வரிசையில் சரிவக எலும்பு, சரிவகப் போலி, தலையெலும்பு, கொக்கி எலும்பு. பெரும்பாலும் வடிவமே பெயராயிற்று.

இவற்றைத் தோலைக் கீறாமல் காணும் வழியைத் திறந்தவர் ஜெர்மானியப் பேராசிரியர் ராண்ட்ஜன். 1895 நவம்பரில் எக்ஸ் கதிர்களைக் கண்ட அவர், டிசம்பரில் தம் மனைவியாரின் கையையே படமெடுத்தார். நம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் தொடங்கப்பெற்றது.

இக்கதிர்கள் தசையை எளிதில் ஊடுருவிச் சென்று படச்சுருளைக் கருக்கும். எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து அவற்றைப் பெரிதும் தடுப்பதால், அவ்விடம் வெண்மையாகத் தெரியும். ஆகவே நாம் காண்பது எலும்பை அன்று, அதன் நிழலை. பிறந்த குழந்தையின் மணிக்கட்டைப் படமெடுத்தால் இந்த எட்டில் ஒன்றும் தெரியாது. அவை அப்போது குருத்தெலும்பாக உள்ளன. சில மாதங்களில் தலையெலும்பு முதலில் தோன்றும். பட்டாணி எலும்பு தோன்ற ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆகும். படத்தில் இல்லாதது கையிலும் இல்லை என்று கருதலாகாது.

கையை ஊன்றி விழுவோர்க்கு, இவ்வெட்டனுள் பெரும்பாலும் முறிவது படகெலும்பே. மயிரிழை போன்ற வெடிப்பின் வழியே கதிர் நேராகச் செல்லாவிடில் அது நிழலில் பதியாது. பத்துப் பதினான்கு நாட்களில் வெடிப்பின் ஓரங்கள் சற்றே கரைவதால், இரண்டாம் படத்தில் கோடு புலப்படலாம். இக்காலத்தில் காந்தப் புல ஸ்கேன் முதல் நாட்களிலேயே அதனைக் காட்டக்கூடும். பெருவிரலை நன்கு விரித்தால் அதன் அடியில் ஒரு குழி தோன்றும். விழுந்தபின் அக்குழியை அழுத்த வலித்தால், படம் எப்படியிருப்பினும் ஐயுற வேண்டும்.

காலந்தாழ்த்தலாகாது என்பதற்குக் காரணமும் உண்டு. படகெலும்பிற்குக் குருதி பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்தே நுழைகிறது. நடுவில் முறிந்தால் மறுபாதி குருதியின்றி நலியக்கூடும்.

என் மாணவன் நான்கு மாதம் கழித்தே மருத்துவரிடம் மீண்டும் சென்றான். இடுப்பெலும்பிலிருந்து சிறு துண்டெடுத்து ஒட்டவேண்டியதாயிற்று. எலும்பு கூடியது, மணிக்கட்டு முன்போல் வளையவில்லை. பட்டறையில் இப்போது அவனுக்குக் கணக்கெழுதும் வேலை.

விளையாட்டுத் திடலில் நீங்களும் விழுவீர்கள். மறுமுறை வரச் சொன்னால், தவறாது செல்லுங்கள்.