நிக்காஹும் சட்டமும் நம் வீட்டுப் பிள்ளையும்

(பழவேற்காட்டில் நம் அறக்கட்டளை நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில், குடும்ப வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



ஜமாஅத் பெரியவர்களே, குப்பங்களிலிருந்து வந்திருக்கும் சகோதரர்களே, தாய்மார்களே!

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் திருமணம் செய்துகொள்ள சட்டத்தில் உரிமை உண்டா என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இதையெல்லாம் இங்கே பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். செல்போன் வழியாக எல்லார் வீட்டுக்குள்ளும் வந்துவிட்ட பேச்சுதான் இது. அரைகுறையாகக் கேட்டுப் பயப்படுவதைவிட, உள்ளதை உள்ளபடி தெரிந்துகொள்வது நல்லது.

வலையில் மீனும் பாசியும் சிப்பியும் சேர்ந்து வந்தால் முதலில் பிரித்துப் போடுகிறோம். இந்த விஷயத்திலும் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. நிக்காஹ் பற்றி நம் மார்க்கம் என்ன சொல்கிறது? நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? நம் வீட்டிலேயே அப்படி ஒரு பிள்ளை இருந்தால் நாம் என்ன செய்வது? முதல் இரண்டைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. மூன்றாவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் நம் கையில் இருப்பது அந்த மூன்றாவதுதான்.

முதல் கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. நிக்காஹ் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே மஹரோடும் சாட்சிகளோடும் சம்மதத்தோடும் நடக்கும் ஒப்பந்தம். ஆலிம்கள் நமக்குக் கற்றுத் தந்தது இதுதான். இதை மாற்றச் சொல்லி எந்த நீதிமன்றமும் நம்மைக் கேட்கவில்லை. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியபோதே, மதங்களின் தனிச்சட்டங்களுக்குள் போகப் போவதில்லை என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். விவாதம் நடந்தது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைப் பற்றி. எந்த மதச் சடங்கும் இல்லாமல் பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டு நடக்கும் திருமணம் அது. ஆகவே, 'நாளைக்கு நம் பள்ளிவாசலில் வந்து நிக்காஹ் செய்து வை என்பார்கள்' என்ற பயத்துக்கு இடமில்லை.

இரண்டாவது கேள்வி, நாட்டின் சட்டம். நம் ஊரிலிருக்கும் டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். அந்த டச்சுக்காரர்களின் நாடான நெதர்லாந்துதான், 2001 ஏப்ரல் 1 அன்று, உலகிலேயே முதன்முதலாக ஒரே பாலினத்தவர் திருமணத்தைச் சட்டமாக்கியது. ஆசியாவில் 2019இல் தைவானும் 2025 ஜனவரியில் தாய்லாந்தும் அந்த வழியில் சென்றன.

நம் நாட்டில் 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்த இருவர் மனமொப்பித் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகுதான் திருமண உரிமை கேட்டு வழக்குகள் வந்தன. ஜம்இய்யத்துல் உலமாயே ஹிந்தும் அதில் எதிர்த்து வாதிட்டது. 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். திருமணம் செய்துகொள்வது அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை அல்ல, சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்பதில் ஐவரும் ஒத்துப்போனார்கள். திருமணம் என்ற பெயர் இல்லாமல் அவர்களது இணைவை அரசு அங்கீகரிக்க வேண்டும் என்று இருவர் சொன்னார்கள். மூவர் அதை ஏற்கவில்லை. மறு ஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆகிவிட்டன.

திருமண உரிமையை ஏன் கேட்கிறார்கள் என்பது கடற்கரை ஊர்க்காரர்களுக்கு எளிதாகப் புரியும். குப்பத்தில் கல்யாணம் ஆனால்தான் ஒருவன் தலைக்கட்டு ஆகிறான். ஊர் வரியும் ஊர்ப் பங்கும் தலைக்கட்டுக் கணக்கில்தான் நடக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். அதற்கு அரசு தரும் 8000 ரூபாய் ஆளுக்கு வருவதில்லை, குடும்பத்துக்கு வருகிறது. கடலில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், 'நீ அவருக்கு யார்?' என்பதுதான் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி. திருமணப் பதிவு இல்லாதவருக்கு அதற்குப் பதில் இல்லை. பல வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தாலும் ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் தாலுகா அலுவலகத்திலும் அவர் அந்நியர்தான்.

இந்தத் தீர்ப்புக்குப் பிறகு அமைச்சரவைச் செயலர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. ரேஷன் கார்டில் இப்படி வாழும் இருவரை ஒரே குடும்பமாகக் கொள்ளலாம், கூட்டு வங்கிக் கணக்குக்கும் நாமினி போடுவதற்கும் தடை இல்லை என்று 2024இல் மத்திய அரசே தெளிவுபடுத்தியது. என் கருத்தைச் சொல்கிறேன். ஏற்காதவர்கள் ஏற்க வேண்டாம். நிக்காஹ் நம் மார்க்கத்தின் விஷயம், அதில் நமக்கு முழு உரிமை உண்டு. பிற குடிமக்கள் அரசாங்கத்தின் பதிவேட்டில் தங்கள் பெயரை எழுதக் கேட்பது அவர்களுக்கும் அரசுக்கும் உள்ள விஷயம். சிறுபான்மையாக வாழும் நாம் அரசியலமைப்பின் நிழலில்தான் நிற்கிறோம். அந்த நிழலில் இன்னொருவர் ஒதுங்குவதைத் தடுக்க நாம் போக வேண்டியதில்லை. ரேஷன் அரிசியையும் போலீஸ் பாதுகாப்பையும் ஒருவருக்கு மறுப்பதால் நம் தீனுக்கு எந்தப் பலமும் சேராது.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

மதுரைப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். பெற்றோர்கள் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். போலீஸ் தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கேட்டு அந்தப் பெண்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்குச் சரியாகத் தெரியாது என்று சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் 2021 ஜூன் 7 அன்று உத்தரவு போட்டார். இப்படிப்பட்டவர்களை வைத்தியம் செய்து 'மாற்றும்' முயற்சிகளைத் தடை செய்யச் சொன்னது அந்த உத்தரவு. 2025 மே மாதம் அதே உயர் நீதிமன்றத்துக்கு ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. 25 வயதுப் பெண்ணை வீட்டார் பிடித்து வைத்து, அடித்து, 'சரியாக்க' சடங்குகள் செய்தார்கள் என்று அந்தப் பெண்ணே நீதிபதிகளிடம் சொன்னார். அவர் விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்று நீதிமன்றம் விடுவித்தது. கேரளாவில் 2022இல் உயர் நீதிமன்றம் சேர்ந்து வாழ அனுமதித்த இரண்டு பெண்கள் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள். 'நம்மில் அப்படி யாரும் இல்லை' என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

பிள்ளை வாய் திறந்து சொன்னதும் பல வீடுகளில் வரும் முதல் யோசனை, 'ஒரு நிக்காஹ் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்பதுதான். சகோதரர்களே, நிக்காஹ் மருந்து இல்லை. கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை அவருடைய தந்தை விருப்பமில்லாமல் மணமுடித்துக் கொடுத்தார். அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்; நபியவர்கள் அந்தத் திருமணத்தையே ரத்து செய்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது. பெண்ணின் மவுனம் சம்மதம் என்று நாம் எல்லாருமே படித்திருக்கிறோம். அழுகை மவுனம் ஆகாது. அறையைப் பூட்டி, செல்போனைப் பிடுங்கி, அடித்து வாங்கிய தலையாட்டலும் சம்மதம் ஆகாது.

அதோடு, அந்தப் பக்கம் இன்னொரு வீடு இருக்கிறது. எதுவும் தெரியாமல், நகை போட்டு, கடன் வாங்கி, ஒரு வாப்பா தன் மகளை உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறார். கணவன் தன்னை ஏன் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று அந்தப் பெண் யாரிடம் கேட்பாள்? 'உன்னிடம்தான் ஏதோ குறை' என்று மாமியார் வீடு சொல்லும். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டப்படி, கணவன் இல்லறக் கடமையைத் தக்க காரணமின்றி மூன்று வருடம் நிறைவேற்றாவிட்டால் அவள் நீதிமன்றத்தில் பிரிவு கேட்கலாம்; குலாவும் கேட்கலாம். ஆனால் போன வருடங்களை யார் திருப்பித் தருவது? நம் பிள்ளையின் விஷயத்தை மறைக்க, அடுத்தவர் பிள்ளையின் வாழ்க்கையை மூடுதுணியாகப் போடுவது அநியாயம். மஹ்ஷரில் அவள் நம்மைக் கேட்பாள்.

ஜமாஅத்துக்கும் அறக்கட்டளைக்கும் நான் வைக்கும் கோரிக்கைகள் இவைதான்.

நிக்காஹ் பதிவேட்டில் எழுதுவதற்கு முன் மணமகளையும் மணமகனையும் தனித்தனியாக, வீட்டார் பக்கத்தில் இல்லாமல், 'உனக்குச் சம்மதமா?' என்று கேளுங்கள். பெண்ணிடம் ஒரு பெண்மணி கேட்கட்டும். 'இல்லை' என்று பதில் வந்தால், காரணத்தை ஊரில் பரப்பாமல் தேதியை நிறுத்துங்கள்.

பிள்ளை மனம் விட்டுச் சொன்னால் கை ஓங்காதீர்கள். பேயோட்டுபவரிடமும், 'மாற்றித் தருகிறேன்' என்று பணம் கேட்கும் டாக்டரிடமும் கூட்டிப் போகாதீர்கள். அப்படி மாற்ற முயல்வது மருத்துவரின் தொழில் ஒழுக்கத்துக்கே விரோதம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்துவிட்டது.

வீட்டை விட்டுத் துரத்தாதீர்கள். மார்க்கம் எதை அனுமதிக்கிறது, எதை அனுமதிக்கவில்லை என்பதை அந்தப் பிள்ளையும் மதரஸாவில் ஓதித்தான் வளர்ந்திருக்கிறது. நீங்கள் புதிதாகச் சொல்லித் தர வேண்டியது அது இல்லை. இரவில் வந்தால் சோறும் பாயும் உண்டு என்பதுதான் அந்தப் பிள்ளைக்கு உங்களிடமிருந்து தெரிய வேண்டும்.

நாடாளுமன்றம் நாளை என்ன சட்டம் போடும் என்பது நம் கையில் இல்லை. நம் ஊரில் பலவந்தமாக ஒரு நிக்காஹ்கூட நடக்காமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. அல்லாஹ் நம் வீடுகளில் நீதியையும் ரஹ்மத்தையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.